தீபாவளிக்குக் கையால் தைத்த, பின்னிய பரிசுகள்: ஆவணியில் தொடங்கி ஐப்பசிக்குள் முடிப்பது எப்படி

என் அத்தைக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஏர்கோன் அறையில் சாய்நாற்காலியில் இருக்க வேண்டும். குளிர் எலும்புக்குள் போகிறது என்பார். அதைக் கேட்டுத்தான் ஒரு தீபாவளிக்கு அவருக்கு நல்ல அகலமான சால்வை பின்னிக் கொடுத்தேன். மாம்பழ மஞ்சள் நிறம், இரண்டு ஓரத்திலும் குஞ்சம். வாங்கியதும் முகத்தில் ஒற்றிக்கொண்டார். பொங்கலுக்குப் போனபோது அது அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அழகா இருக்கும்மா. ஆனா ஊசி போட்ட கைய மூடக் கூடாதுன்னு மிஸ்ஸி சொல்றாங்க. இதப் போத்துனா ரெண்டு கையும் மறைஞ்சு போவுது. குஞ்சம் வேற டியூப்புல மாட்டுது" என்றார்.

அவர் சொன்னது சரி. டயாலிசிஸ் நடக்கும்போது ஊசி குத்திய கை எப்போதும் தாதியர் கண்ணில் பட வேண்டும். ஊசி நழுவினால், போர்வைக்கு அடியில் ரத்தம் போவது வெளியே தெரியாது. அத்தையோடு ஒரே ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும். அன்றிலிருந்து துணி எடுப்பதற்கு முன்னால், அந்த ஆளின் ஒரு நாளை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், கையில் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார், எங்கே உட்காருகிறார், எது அவருக்குத் தொல்லை. பரிசு அதிலிருந்துதான் வருகிறது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிறது. எங்கள் வரிசையில் பாதி வீட்டில் ஒரு மிதி தையல் மெஷினாவது இருக்கும், சிங்கரோ பட்டர்ஃப்ளையோ. பல வீட்டில் அதன்மேல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சாடியை எடுத்துக் கீழே வைக்கத்தான் இந்த வழிகாட்டி. இதில் நான்கு பொருள்: பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் துணி அங்பாவ் உறை, அடிப்பெட்டி வைத்த பை, சூட்டுச் சட்டி பிடிக்கும் துணி, குளிருக்குச் சால்வை. கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் இவையே செல்லும்.

முதலில் நாள் கணக்கு

தீபாவளி பெரும்பாலும் ஐப்பசியில் வரும். அதற்கு முந்திய இரண்டு வாரத்தில் ஊசி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது முறுக்குக்கும் அச்சு முறுக்குக்கும் நெய் உருண்டைக்கும் உரிய காலம். எண்ணெய்க் கையால் வெள்ளை நூலைத் தொட்டால் அந்தக் கறையோடுதான் பரிசு போகும். ஆகவே ஆடி முடிந்த கையோடு துணி வாங்கி, ஆவணியில் சால்வையைத் தொடங்கி, புரட்டாசியில் தையல் வேலையை முடித்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் மழை. அக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் மத்தியானம் ஆனால் கொட்டும். துவைத்த துணி காயாது. பின்னிய சால்வையைப் படுக்கப்போட்டுக் காயவைக்க இரண்டு நாள் ஆகும்.

எத்தனை பேருக்குக் கொடுப்பது? எல்லாருக்கும் பெரிய பொருள் செய்ய முயன்றால் ஒன்றும் முடியாது. எனக்கு ஒரு அங்பாவ் உறைக்கு, பத்துப் பத்தாகச் சேர்த்து வெட்டித் தைத்தால், இருபது நிமிடம். பைக்கு மூன்று மணி நேரம். சட்டிப் பிடிக்கு நான்கு மணி நேரம். சால்வைக்கு இருபத்தைந்து மணி நேரம். சால்வை ஒருவருக்கு மட்டும், பை மூன்று நான்கு பேருக்கு, மற்றவர்களுக்குச் சிறியவை. இதை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன்.

துணியும் நூலும்

ஈப்போ லிட்டில் இந்தியா எங்களுக்கு அரை மணி நேரப் பயணம். காட்டன் துணி பெரும்பாலும் 112 செ.மீ. அகலத்தில் வரும். கீழே சொல்லும் அளவெல்லாம் அந்த அகலத்துக்குத்தான். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் துண்டுத் துணி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அகலத்தையும் ஓட்டையையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

புதுத் துணியை விட வீட்டில் இருக்கும் துணிக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். பாட்டியின் நூல் சேலை, அப்பாவின் கைலி, பாத்தேக் சாரோங், பழைய ஜீன்ஸ். ஆனால் இற்றுப்போன துணியைப் பரிசாக்காதீர்கள். துணியை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டி இழுங்கள். 'பர்' என்று சத்தம் வந்தாலோ நூல் விலகினாலோ அது லைனிங்குக்குக்கூட ஆகாது. சேலையில் முந்தானைப் பக்கமும் உடலின் நடுப்பகுதியும் நன்றாக இருக்கும். தரையில் தேய்ந்த கீழ்க்கரையை ஒட்டி இற்றிருக்கும்.

புதுக் காட்டனை வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 46 செ.மீ. துண்டில் அது இரண்டு செ.மீ. வரை வரும். வெளித்துணி சுருங்கி உள்துணி சுருங்காவிட்டால் பை கோணிக்கொள்ளும். சிவப்பு, மெரூன், பாத்தேக் துணிகளைத் தனித்தனியாக ஊறவையுங்கள். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டு மடித்துவிடுங்கள்.

நூலில் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் 'மில்க் காட்டன்' என்று விற்கும் நூல்கண்டு மெதுவாக, அழகாக இருக்கும். அவற்றில் பலவற்றில் அக்ரிலிக் என்னும் செயற்கை இழை கலந்திருக்கும். சால்வைக்கு நல்லது, சூட்டுச் சட்டி பிடிக்க ஆபத்து. லேபிள் இல்லாத நூலாக இருந்தால், ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தொட்டிமேல் வைத்து நெருப்புக் காட்டுங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். விரலால் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். அந்த மணி உருகிய நிலையில் கையில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு வாங்கும்போது எல்லாக் கண்டின் லேபிளிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரே நிறம் என்று கடையில் தோன்றினாலும், எண் மாறினால் சால்வையின் நடுவில் கோடு போட்டது போல் தெரியும்.

மெஷினைத் தயார் செய்தல்

புது ஊசி போடுங்கள். மெல்லிய காட்டனுக்கு 11ஆம் எண், சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கும் பையின் கைப்பிடிக்கும் 16. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் இருக்கும். நூல் எந்தப் பக்கமிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் தையல் விட்டுவிட்டு விழும்.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு மேல்நூலில். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு மேல்நூலைத் திரும்பக் கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் இறுக்கும் தட்டுகளுக்கு இடையில் நுழையாது. வருடக் கணக்கில் சும்மா கிடந்த மெஷினானால் பாபின் கூட்டில் சேர்ந்த பஞ்சை பிரஷால் எடுத்து, எண்ணெய் விட்டு, வீணான துணியில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எண்ணெய்ச் சொட்டு வடிந்து முடிந்த பிறகே நல்ல துணியை வையுங்கள்.

துணி அங்பாவ் உறை

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் காகித அங்பாவ் கொடுக்கிறோம். மறுநாள் காலை அது குப்பையில். துணியில் தைத்தால் அந்தப் பிள்ளை அதில் பேனாவோ, வளையலோ, பள்ளிக்கூடத்துக் காசோ வைத்துக்கொள்ளும். கற்றுக்கொள்ளவும் இது நல்ல முதல் வேலை. எல்லாமே நேர்த்தையல்.

நமது 50 வெள்ளி (ரிங்கிட்) தாள் 14.5 செ.மீ. நீளம், 100 வெள்ளித் தாள் 15 செ.மீ. இரண்டும் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலம். தாளை மடிக்காமல் வைக்க, முடிந்த உறை 17 செ.மீ. நீளமும் 9 செ.மீ. உயரமும் இருந்தால் போதும். அதற்கு வெளித்துணி ஒன்று, உள்துணி ஒன்று, இரண்டும் 19 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம் வெட்டுங்கள். ஒரு மீட்டர் துணியில் இப்படி 20 துண்டு வரும். ஆக, ஒரு மீட்டர் வெளித்துணி, ஒரு மீட்டர் உள்துணி, 20 உறை.

1. இரண்டு துண்டின் நல்ல பக்கமும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் குண்டூசி குத்துங்கள். சுற்றிலும் 1 செ.மீ. உள்ளே தையுங்கள். ஒரு குட்டைப் பக்கத்தின் நடுவில் 6 செ.மீ. தைக்காமல் விடுங்கள்.

2. நான்கு மூலையையும் தையலுக்கு 2 மி.மீ. தள்ளிச் சாய்வாக வெட்டிவிடுங்கள். விட்ட வாய் வழியாக நல்ல பக்கத்தை வெளியே புரட்டுங்கள். மூலையைத் தள்ள சோறு சாப்பிடும் சீனக் குச்சியின் மொட்டை முனைதான் ஏற்றது. கத்தரி முனையால் குத்தினால் துணி கிழியும்.

3. விட்ட வாயின் ஓரத்தை உள்ளே மடக்கி இஸ்திரி போட்டு, அந்தக் குட்டைப் பக்கம் முழுவதும் விளிம்பிலிருந்து 2 மி.மீ.யில் ஒரு தையல் ஓட்டுங்கள். வாயும் அடைபடும், உறையின் விளிம்பும் அமையும்.

4. அந்தப் பக்கத்தை 9 செ.மீ. மேலே மடியுங்கள். மீதி 5 செ.மீ. மூடி. ஒரு பக்கக் கீழ்மூலையில் தொடங்கி, மேலே ஏறி, மூடியைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, ஒரே ஓட்டமாகத் தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று தையல் பின்னால் போய் வாருங்கள்.

மயில், யானை, விளக்கு போன்ற படம் போட்ட துணியாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பக்கமும் மூடியும் மடிந்து வருவதால், துணியை நேராக வெட்டினால் மயில் தலைகீழாக நிற்கும். மூடி வரும் முனையை மேலே வைத்துக்கொண்டு, படம் தலைகீழாக இருக்கும்படி வெட்டுங்கள். மடித்ததும் முன்னால் நேராக வரும். பின்பக்கம் தலைகீழாகத்தான் இருக்கும். அது யார் கண்ணிலும் உறுத்துவதில்லை.

மூடிக்கு அமுக்குப் பொத்தான் வைக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதில் பொத்தானே வேண்டாம். பிய்த்து வாயில் போடும்.

அடிப்பெட்டி வைத்த பை

இந்தப் பையில்தான் என் மனம் முழுக்க இருக்கிறது. நம் ஊரில் தீபாவளி என்றால் சிவப்பு மூடி போட்ட பலகாரப் புட்டிகள் வீட்டுக்கு வீடு போகும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் புட்டி சாயும், காது அறுந்து நடு ரோட்டில் முறுக்கு சிதறும். அடி தட்டையாக, அகலமாக இருக்கும் துணிப்பையில் இரண்டு புட்டி நிமிர்ந்து உட்காரும். தீபாவளி முடிந்த பின் அதே பை பசாருக்குப் போகும். அம்மா வேலைக்குப் போன காலத்தில் தூக்குச் சட்டியையும் தண்ணீர்ப் புட்டியையும் ஒரு மாவுச் சாக்குப் பையில்தான் கொண்டுபோவார். அதற்கு அடிப்பெட்டி கிடையாது. மரத்தடியில் சாய்த்து வைத்தால் ரசம் கொட்டிவிடும். அதை நினைத்துத்தான் என் பைக்கு அடி வைக்கக் கற்றுக்கொண்டேன்.

முடிந்த அளவு: 32 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம், 12 செ.மீ. அடி. வெளித்துணி 70 செ.மீ., உள்துணி அரை மீட்டர். வெளியில் இரண்டு துண்டு, உள்ளே இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 46 செ.மீ. அகலம், 42 செ.மீ. உயரம். கைப்பிடிக்கு 10 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டை. வெளித்துணி மெல்லிய சேலைத் துணியாக இருந்தால் பின்னால் ஒரு காட்டன் துண்டை வைத்துச் சுற்றிலும் தைத்து ஒரே துணியாக்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை முதலில் முடியுங்கள். பட்டையை நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டு, பிரித்து, இரண்டு ஓரத்தையும் அந்த நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடியுங்கள். 2.5 செ.மீ. அகலத்தில் நான்கு மடிப்பு. 16ஆம் எண் ஊசி போட்டு இரண்டு ஓரமும் தையுங்கள். இரண்டு கிலோ அரிசியைத் தொங்கவிட்டால் கையை அறுக்காத அகலம் இது.

உள்துணி ஒன்றில் ஒரு ஜேப்பு வையுங்கள். அரை மீட்டரில் மிஞ்சும் துண்டு போதும். வீட்டுச் சாவியும் கைப்பேசியும் பலகாரப் புட்டிக்கு அடியில் போய்விடக் கூடாது.

இப்போது உடல். வெளித்துணி இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்து இரண்டு பக்கமும் அடியும் 1 செ.மீ. உள்ளே தையுங்கள். தையல் நீளம் 2.5 மி.மீ. உள்துணியையும் அப்படியே, ஆனால் அதன் அடியில் நடுவே 15 செ.மீ. தைக்காமல் விடுங்கள். பையைப் புரட்டும் வாய் அதுதான்.

அடிப்பெட்டி வைக்கும் இடத்தில்தான் புதிதாகத் தைப்பவர்கள் தயங்குவார்கள். பை இன்னும் உள்பக்கம் வெளியே இருக்கட்டும். ஒரு மூலைக்குள் கையை விட்டு, பக்கத் தையலையும் அடித் தையலையும் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி தட்டையாக்குங்கள். மூலை முக்கோணமாகும், சமோசாவின் முனை மாதிரி. இரண்டு தையலும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று வந்ததா என்று விரலால் தடவினால் மேடு தெரியும். அந்த மேட்டில் ஒரு குண்டூசி. முக்கோணத்தின் தையல் முனையிலிருந்து, தையல் கோட்டின்மேலேயே 6 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியின் குறுக்கே கோடு போட்டால் அதன் நீளம் சரியாக 12 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தாலோ கூடினாலோ முக்கோணம் கோணலாக மடிந்திருக்கிறது. பிரித்து மறுபடி மடியுங்கள். கோட்டின்மேல் இரண்டு முறை தைத்து, 1 செ.மீ. விட்டு முனையை வெட்டிவிடுங்கள். வெளித்துணியில் இரண்டு மூலை, உள்துணியில் இரண்டு மூலை. நான்கும் முடிந்ததும் வெளிப்பையை மேசைமேல் வைத்துப் பாருங்கள், தானாக நிற்கும்.

வெளிப்பையின் நல்ல பக்கத்தை வெளியே புரட்டுங்கள். கைப்பிடி முனைகளை மேல் விளிம்பில், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 8 செ.மீ. தள்ளி, கைப்பிடி கீழே தொங்கும்படி குண்டூசி குத்துங்கள். கைப்பிடி முறுக்கிக்கொள்ளவில்லையே என்று ஒரு தடவை பாருங்கள். இதைப் பார்க்காமல் தைத்து, பிரித்து, மறுபடி தைத்த பைகள் எனக்கு உண்டு. பிறகு இந்த வெளிப்பையை, உள்பக்கம் வெளியே இருக்கும் உள்துணிப் பைக்குள் இறக்குங்கள். நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்கும். பக்கத் தையல்களைப் பொருத்தி, வாயைச் சுற்றி 1 செ.மீ. தையுங்கள். கைப்பிடி வரும் நான்கு இடத்திலும் முன்னும் பின்னும் மூன்று தடவை.

உள்துணியில் விட்ட 15 செ.மீ. வழியாக முழுப் பையையும் இழுத்து வெளியே எடுங்கள். அந்த வாயைக் கைத்தையலால் மூடி, உள்துணியை உள்ளே தள்ளி, பையின் வாயை இஸ்திரி போட்டு, விளிம்பைச் சுற்றி 3 மி.மீ. நீளத் தையலில் ஒரு ஓட்டம். கைப்பிடி இருக்கும் இடங்களில் விளிம்பை ஒட்டி இன்னொரு தடவை முன்னும் பின்னும் தைத்து உறுதியாக்கலாம்.

அடியில் ஒரு அட்டையை வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. துவைக்கும்போது எடுக்க மறந்தால் ஊறிப் பை முழுக்கப் பழுப்புக் கறை. வேண்டுமானால் பழைய பிளாஸ்டிக் பாயில் 31க்கு 11 செ.மீ. வெட்டி, ஓரத்தை வளைத்து வையுங்கள்.

சூட்டுச் சட்டி பிடிக்கும் துணி

குரோஷே ஊசி 4 மி.மீ., முழுக் காட்டன் நூல். இதற்குச் சங்கிலிப் பின்னலும் சிங்கிள் குரோஷேயும் தெரிந்தால் போதும். பழைய பிரிட்டிஷ் புத்தகம் வைத்துக் கற்றவர்கள் டபுள் குரோஷே என்று சொல்வதும், அமெரிக்க வீடியோவில் சிங்கிள் குரோஷே என்று சொல்வதும் ஒரே பின்னல்தான். அக்காவும் தங்கையும் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்ள வேண்டாம்.

26 செ.மீ. நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். எண்ண வேண்டியதில்லை, அளந்தால் போதும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிங்கிள். முனைக்கு வந்ததும் திருப்பாமல் சங்கிலியின் மறுபக்கத்தில் அப்படியே தொடருங்கள். சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முதலில் தட்டையாக இருக்கும், பிறகு குட்டிப் பை மாதிரி குழியும். சுமார் 13 செ.மீ. உயரம் வந்ததும், பையின் வாயைக் குறுக்கே திருப்பி மடித்துப் பாருங்கள். இரு விளிம்பும் சதுரத்தின் மூலைக்கு மூலை ஒரு கோட்டில் சந்திக்கும். சந்திக்காவிட்டால் இன்னும் ஒரு சுற்று. சந்தித்ததும் அந்தக் கோட்டைத் தைத்து மூடி, ஒரு மூலையில் தொங்கவிட வளையம் போடுங்கள். சுமார் 18 செ.மீ. சதுரம், இரட்டைத் தடிமன், நடுவில் ஓட்டை இல்லை. ஓட்டை வைத்த அழகுப் பின்னல் இதற்கு ஆகாது. சூடு அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். ஈரமானால் சூடு உடனே ஏறும் என்பதால் எப்போதும் ஜோடியாகக் கொடுங்கள்.

குத்துவிளக்குக்கு அடியில் விரிக்கப் பின்னித் தரும்படி சிலர் கேட்பார்கள். அதையும் காட்டனில் மட்டும் பின்னுங்கள். அகலைச் சுற்றித் துணியோ நூலோ தொங்கவிடாதீர்கள்.

சால்வை

இந்த வெயில் ஊரில் பின்னல் யாருக்கு என்று கேட்பார்கள். கேமரன் மலையில் சொந்தம் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் இரவு பஸ்ஸில் கோலாலம்பூருக்குப் போய்ப் பாருங்கள். அல்லது ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம். அத்தைக்கு நான் இரண்டாவது தடவை பின்னியது இது: 45 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம், குஞ்சம் இல்லை. அவருக்கு ஊசி போடுவது இடது கையில். ஆகவே சால்வை வலது தோளின்மேல் விழுந்து, முன்னாலும் பின்னாலும் குறுக்கே வந்து, இடது அக்குளுக்குக் கீழே பொத்தானில் முடிகிறது. வலது தோளும் நெஞ்சும் முதுகும் மூடியிருக்கும், இடது கை தோளிலிருந்து விரல்வரை வெளியே. நூல் துவைக்க எளிதான அக்ரிலிக் காட்டன் கலப்பு. கம்பளி வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், வாஷிங் மெஷினில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

பின்னல் ஊசி 5 மி.மீ., மூங்கில். வேர்த்த கையில் இரும்பு ஊசி வழுக்கும். மூங்கிலில் கண்ணி தானாக நழுவாது.

மாதிரித் துண்டு பின்னாமல் சால்வையைத் தொடங்காதீர்கள். 25 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நேர்க்கண்ணியாக (நிட்), 13 செ.மீ. பின்னுங்கள். நடுவில் 10 செ.மீ. அளந்து அதில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். எனக்கு 17 கண்ணி, 32 வரிசை வந்தது. 45 செ.மீ.க்கு 17ஐ நாலரையால் பெருக்கினால் 76.5, 77 கண்ணி. 150 செ.மீ.க்கு 480 வரிசை. மொத்தம் 36,960 கண்ணி. மணிக்கு 1,500 கண்ணி பின்னுகிறேன். அதனால்தான் இருபத்தைந்து மணி நேரம் என்று மேலே சொன்னேன். உங்கள் கை இறுக்கமானால் எண்ணிக்கை மாறும், நீங்கள் எண்ணியதையே வைத்துக் கணக்குப் போடுங்கள். நூல் எவ்வளவு வாங்குவது என்பதற்கும் அந்தத் துண்டே போதும்: 10க்கு 10 செ.மீ. துண்டின் எடையைச் சமையல் தராசில் பார்த்து 67.5ஆல் பெருக்குங்கள். 6 கிராம் இருந்தால் 405 கிராம். ஒரு கண்டு கூடுதலாக வாங்குங்கள்.

பின்னுவதில் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை, நூல் முன்னால் இருக்க, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றுங்கள். ஓரம் சடை போட்டது போல் வரும். பத்து வரிசைக்கு ஒரு முறை 77 இருக்கிறதா எண்ணுங்கள். 76 என்றால் கீழே எங்கோ ஒரு கண்ணி நழுவித் தொங்குகிறது. குரோஷே ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம். புதுக் கண்டை வரிசையின் நடுவில் இணைக்காதீர்கள், ஓரத்தில் இணைத்து 15 செ.மீ. வால் விடுங்கள். கடைசி வரிசையை மூடும்போது ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். இறுக்கி மூடினால் அந்த முனை மட்டும் சுருங்கி நிற்கும்.

ஒரு முனையில் மூன்று பொத்தான், மறு முனையில் மூன்று நூல் வளையம். பொத்தான் பெரிதாக, ஒற்றைக் கையால் போட முடிகிற மாதிரி. அத்தையின் ஒரு கைக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை.

முடிந்த சால்வையைக் குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பாய்மேல் படுக்கப்போட்டு அளவுக்கு இழுத்துவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். அக்ரிலிக்மேல் சூடான இஸ்திரி படக் கூடாது. பட்டால் தொய்ந்து பளபளத்துவிடும், திரும்ப எழும்பாது.

கொடுக்கும்போது

வெள்ளைத் துணிப் பட்டையில், துணிக்கு எழுதும் பேனாவால், எப்படித் துவைப்பது என்று தமிழில் இரண்டு வரி எழுதி உள்ளே தைத்துவிடுங்கள்: 'குளிர்ந்த நீர். படுக்கப்போட்டுக் காயவைக்கவும்.' எழுதிய பின், தைப்பதற்கு முன்னால், சூடான இஸ்திரியை வைத்தால் மை நிற்கும். வீட்டு வாஷிங் மெஷினில் போடுவது மருமகளாகவோ பேரனாகவோ இருக்கும், பரிசு வாங்கியவராக இருக்காது.

காகிதம் சுற்ற வேண்டாம். பையே உறை. பைக்குள் பலகாரப் புட்டி, புட்டிமேல் சட்டிப் பிடி ஜோடி, ஜேப்பில் அங்பாவ். சால்வை கொடுத்தால், அதே நூலில் ஒரு சின்ன உருண்டையும் ஒரு பொத்தானும் ஒரு துணி உறையில் போட்டு அதன் மடிப்புக்குள் வைத்துவிடுங்கள். பொத்தான் கழன்றால் அத்தை பழைய டப்பாவில் தேட வேண்டியதில்லை.